ஆடியில் எழுதிய தீபாவளிக் கடிதம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கணும். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். சென்ற தீபாவளிக்கு உங்கள் மாமியார் வீட்டில் எடுத்த போட்டோ பன்னிரண்டிலும் நீங்கள் இல்லை. சனிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி, பெருங்களத்தூரைத் தாண்டவே மூன்று மணி நேரமாகி, ஞாயிறு மத்தியானம் ஊர் போய்ச் சேர்ந்து, அன்று ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று பலகாரம் சுட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை, அக்டோபர் 20, தீபாவளி. எல்லாருக்கும் இட்லியும் கறிக்குழம்பும் பரிமாறிவிட்டுப் பத்தரை மணிக்கு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனீர்கள். எழுந்தபோது மணி ஒன்றேகால். புதுப்புடவை கொடியிலேயே கிடந்தது.

'இந்த வருஷமாவது தீபாவளியை முழிச்சிருந்து பார்க்கணும்க்கா. ஒரு பட்டியல் போட்டுத் தாங்க' என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆடி மாதத்தில் தீபாவளியைப் பற்றி எழுதுவது எனக்குப் புதிதல்ல. பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்குத் தீபாவளி ஆடியிலேயே வந்துவிடும். மலருக்குக் கதை கேட்டு போன் வரும். வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து ஐப்பசி மழையையும் மத்தாப்பு வெளிச்சத்தையும் எழுதிக்கொண்டிருப்போம். அந்த முன்யோசனை வீட்டு விஷயத்தில் எனக்குப் பல வருஷம் வந்ததில்லை. கதையை ஆவணியில் கொடுத்துவிட்டு, முறுக்குக்கு அரிசி அரைக்கத் தீபாவளிக்கு முந்தின நாள் மில்லுக்கு ஓடியவள் நான்.

அப்படி ஓடிய ஒரு வருஷம் எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய் வற்றல் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாதாரண நாளில் ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டி மிஷினைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த வாளியைக் கவிழ்ப்பார்கள். அன்றைக்கு வரிசை தெரு வரைக்கும் நின்றது; மில்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. வீட்டில் வந்து தூக்கைத் திறந்தால் மாவு இளஞ்சிவப்பு. அதையே பிழிந்தேன், வேறென்ன செய்வது? பெரியவர்கள் 'கார முறுக்கா, நல்லாயிருக்கே' என்று சாப்பிட்டார்கள். குழந்தைகள் ஒன்றைக் கடித்துவிட்டு அப்புறம் டின் பக்கமே வரவில்லை.

நம் அம்மாக்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்தார்களே, நமக்கு ஏன் முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். விருதுநகர் பக்கம் சின்ன ஊர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலேயே பெரியம்மா வந்துவிடுவாள். சித்தி பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். ஆச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே பாகுக்குப் பதம் சொல்வாள். மாவு இடிக்கவும் சலிக்கவும் அத்தை மகள்கள். ஏழெட்டுப் பேர் கை. தீபாவளி விடியலில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, லேகிய உருண்டையை வாயில் ஒதுக்கியபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வேலையும் செய்யமாட்டாள். நாங்கள் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி இருட்டில் வட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் இருக்கும். நீங்கள் கேட்பது அந்தத் திண்ணையைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கைகள் இப்போது இல்லை. இங்கே நீங்கள் ஒருத்தி. அங்கே முழங்கால் வலியோடு உங்கள் அத்தை. ஆள் குறைந்த அளவுக்கு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியல் தரமாட்டேன். பட்டியலில் ஏறிய எதுவும் இறங்காது. முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். ஊருக்குக் கிளம்பும் முன் நான்கு நாள் பரணை இறக்கி, ஜன்னல் கம்பி துடைத்து, திரைச்சீலை எல்லாம் துவைத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டிவிட்டுப் போகப்போகிற வீட்டை எதற்கம்மா இப்படித் தேய்த்தீர்கள்? நம் பக்கம் வெள்ளையடிப்பதும் பரணைக் கவிழ்ப்பதும் போகிக்கு. வடக்கே தீபாவளிக்குத்தான் வீட்டைக் கழுவி வண்ணம் பூசுகிறார்கள். அங்கே மழை முடிந்து வானம் வெளுத்திருக்கும் நேரம் அது. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். ஐப்பசி அடைமழையில் துவைத்த திரைச்சீலை எங்கே காயும்? டிவி விளம்பரத்தில் பெயிண்ட் டப்பாவோடு சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்து நாமும் தொற்றிக்கொண்ட வழக்கம் இது. நான்கு நாள் மிச்சம்.

அடுத்தது பலகாரம். ஏழு வகை என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு போதும், நான் சொன்னதாக உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் ஐந்து.

பலகாரத்தில் காத்திருக்கிறவை உண்டு, காத்திருக்காதவை உண்டு. சுழியம், உளுந்து வடை, பஜ்ஜி எல்லாம் அன்றன்றைக்கு. தேங்காய் சேர்ந்தது சிக்கு வாடை அடித்துவிடும். முறுக்கு, தட்டை, ஓட்டுப்பக்கோடா இவை பத்து நாள் முன்னால் சுட்டாலும் முனகாது. நன்றாக ஆறவிட்டு டின்னில் அடுக்கி, ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் சரி. சூட்டோடு மூடினால் நமத்துப்போகும். ஆகவே இவற்றைச் சென்னையிலேயே முடித்துவிடுங்கள். மைசூர்பாகைக் கடையில் வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நான் கிளறிய மைசூர்பாகு ஒருமுறை அல்வாவாகவும் மறுமுறை செங்கல்லாகவும் வந்திருக்கிறது.

காத்திருந்தால்தான் ருசி என்று இருப்பது அதிரசம். அவசரக்காரிக்கு அது வராது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டி விரித்துப் பரப்பி, கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கணும், அந்தப் பக்குவத்தில் அரைக்கணும். வெல்லப்பாகைக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நிற்கணும். விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். தட்டில் போட்டு 'டங்' என்றால் பதம் தாண்டியாயிற்று. அந்தப் பாகில் மாவைத் தூவிக் கிளறி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு, மேலே நெய் தடவி மூடிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. மீதியை அது தானே பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் மாவு பாகை முழுக்க இழுத்துக்கொண்டு, தொட்டால் சிணுங்காமல் உருட்ட வரும். கிளறிய சூட்டோடு தட்டிப் போட்டவர்களைக் கேளுங்கள், எண்ணெயில் அது பிரிந்து தூள்தூளாக மிதந்த கதையைச் சொல்வார்கள். ஒரு வாரம் இருந்தாலும் அந்த மாவு கெடாது. இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு, நவம்பர் 1, பாகு காய்ச்சி, தூக்குச்சட்டியில் அடைத்து ரயிலில் கொண்டுபோய்விடுங்கள். ஊரில் போய்த் தட்டிச் சுடுவதுதான் பாக்கி. உங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டென்றால் இருபத்தொரு அதிரசத்தைத் தனியாக எடுத்து வைப்பது அத்தையின் பொறுப்பு. உட்கார்ந்தபடியே எண்ணலாம்.

லேகியத்தை எல்லாரும் கடைசியில் கிளறுகிறார்கள். அதைத்தான் முதலில் கிளறணும். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாம் சேர்ந்த பொட்டலம் நாட்டு மருந்துக் கடையில் கட்டியே கிடைக்கும். வறுத்துப் பொடித்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிளறி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். நாளாக நாளாகக் காரம் அடங்கி நன்றாகவும் ஆகும். தீபாவளியன்று காலையில் அடுப்பு முழுக்க வேலை இருக்கும்போது இதை ஒரு மூலையில் கிளறுவானேன்?

துணி விஷயத்துக்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடியில் எடுக்கலாமா, அத்தை 'ஆடியில் புதுத்துணி ஆகாது' என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர்கள் தள்ளுபடி போடுவதே கல்யாண வியாபாரம் இல்லாத மாதம் என்பதால்தான். எடுத்து வையுங்கள், மஞ்சள் தடவிக் கட்டுவது ஐப்பசியில்தானே? அவர் மனசு ஒப்பவில்லையென்றால் ஆவணி பிறந்ததும் எடுங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி விற்பனை வரும். 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது. நல்ல பருத்திப் புடவைக்கு நான் இன்றும் அங்கேதான் போகிறேன். எங்கே எடுத்தாலும் சரி, ரங்கநாதன் தெருவுக்கு அக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் போகாதீர்கள். அங்கே நடக்கவே வேண்டாம், கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் மாம்பலம் ஸ்டேஷனில் விட்டுவிடும்.

புடவை எடுப்பதல்ல, ஜாக்கெட்டுதான் நம்மைக் கவிழ்க்கிறது. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே டெய்லர் கடையில் 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டை தொங்கும். அதற்கப்புறம் கெஞ்சிக் கொடுத்தால் 'நாளைக்கு வாங்கம்மா' என்பார். அந்த நாளை எது என்று அவருக்கே தெரியாது. புரட்டாசி பிறக்கும் முன்னால் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திக் கொடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல் துணி உப்பிக்கொண்டு நிற்கும். ஃபால்ஸும் ஓரமும் அதே கையோடு. வாங்கி வந்ததும் போட்டுப் பார்த்துவிடுங்கள். கை பிடிக்கிறதா, கொக்கி வைத்திருக்கிறாரா என்பது தீபாவளிக் காலை ஐந்து மணிக்குத் தெரியவேண்டிய செய்தியல்ல.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஒரு கூச்சம் வருகிறது. முன்கூட்டியே வாங்குங்கள் என்பது கையில் காசு இருக்கிறவர்களின் பேச்சு. உங்கள் வீட்டுக்காரருக்குப் போனஸ் கைக்கு வருவதே பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 1965-இல் வந்த போனஸ் சட்டம், பின்னால் செய்த திருத்தங்களோடு, குறைந்தது 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்தது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்றும் சொன்னது. மார்ச்சோடு முடிகிற கணக்குக்கு எட்டு மாதம் என்றால் நவம்பர் 30. ஆக, தீபாவளிக்கு முந்தின வாரம் கடைத்தெருவில் முட்டி மோதுகிற ஜனத்தை 'கடைசி நேரத்துக் கூட்டம்' என்று நாம் ஏளனம் செய்வது தப்பு. காசு வந்த அன்றைக்குத்தான் அவர்கள் வரமுடியும்.

தீபாவளிச் சீட்டு பிறந்ததே இதற்காகத்தான். மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கட்டினால் பண்டிகைக்கு முன் பலகாரமும் பாத்திரமும் வெள்ளிக்காசும் கைக்கு வரும். எங்கள் தெருவில் ஒரு வருஷம் சீட்டுப் பிடித்தவர் புரட்டாசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பதினொரு மாதம் கட்டிய அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், என்னத்துக்கென்று தெரியவில்லை. அதற்கப்புறம் நானே எனக்குச் சீட்டுப் பிடிக்கிறேன்: தபால் ஆபீஸில் ஒரு ஆர்.டி. வெள்ளிக்காசு கிடைக்காது, ஆனால் தபால் ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது.

இனி உங்களை உண்மையிலேயே படுக்கவைத்த விஷயம், பயணம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஜூலையில் பார்த்துவிட்டு 'இன்னும் திறக்கலையே' என்று விட்டவர்கள் பலர். இந்த வருஷம் நவம்பர் 6, வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புவதாக வைத்துக்கொண்டால் டிக்கெட் திறக்கிற நாள் செப்டம்பர் 7, திங்கள், காலை 8 மணி. நெல்லையோ பொதிகையோ முத்துநகரோ, எட்டு ஐந்துக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் ஓட ஆரம்பித்துவிடும். பெயர், வயது எல்லாம் முந்தின நாளே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். போகிற டிக்கெட்டை எடுத்த சந்தோஷத்தில் வருகிற டிக்கெட்டை மறப்பதுதான் நம் எல்லாருக்கும் உள்ள வியாதி. தீபாவளி ஞாயிறாக விழுவதால் திங்களன்று வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஞாயிறு ராத்திரி வண்டிக்கு மோதுவார்கள். 2023-லும் இப்படித்தான் ஞாயிறாக வந்தது. அரசாங்கம் திங்களை விடுமுறையாக்கி அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக வைத்தது. இந்த வருஷமும் அப்படி வருமா என்று காத்திருக்காமல் நவம்பர் 9-க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி வண்டிக்குச் செப்டம்பர் 10-ஆம் தேதி டிக்கெட் எடுங்கள்.

ரயில் கிடைக்காமல் பஸ்தான் என்றாலும் வியாழக்கிழமையே ஏறப் பாருங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு கோயம்பேட்டிலிருந்து ஊரைக் கடக்கிற பாடு குறைந்தது. ஆனால் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணமாகிவிட்டது. பரனூர் டோல்கேட் வரைக்கும் நின்று நின்றுதான் போகணும்.

பட்டாசை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம். இது சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரி சொல்வது. வெயிலில் உலர்ந்து வந்த சரக்கு, மழைக்கால வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தால் ஈரம் இழுத்துவிடும். அடுப்படிப் பக்கம் வைத்தால் இன்னும் ஆபத்து. ரயிலில் கொண்டுபோவது குற்றம். ஊரில் போய், இரண்டு நாள் முன்னால், வேண்டிய அளவு. 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கிற நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்தார்கள். யாரும் கடிகாரம் பார்த்து வெடிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆறு மணிக் கணக்கு உங்களுக்கு உதவும்: நாலரைக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தால் குளித்து, உடுத்தி, லேகியம் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம். 'ஆறு மணிக்குத்தான் வெடி' என்று பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிடலாம்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: 'அவர் பட்டாசு வாங்கி வருவார்.' மூன்று முறை படித்துவிட்டேன். நல்ல மனுஷர்தான், சந்தேகமில்லை. செப்டம்பர் 7 எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்காருவது அவர் வேலை. மாவு மில்லும் அவர் வேலை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், வார நாளில் போகச் சொல்லுங்கள், கூட்டமிருக்காது. ஊரில் கறிக்கடை பாயிடம் எத்தனை கிலோ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது, அத்தை வீட்டு கேஸ் சிலிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு புக் செய்வது, இரண்டும் போனிலேயே ஆகிற காரியம். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, சட்டியில் எண்ணெய் காய்ந்து முதல் ஈடு முறுக்கு பாதி வெந்திருக்கும்போது எங்கள் வீட்டு சிலிண்டர் தீர்ந்தது. இவர் வந்து அதைச் சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், 'ஆமாம், தீர்ந்துடுச்சு' என்றார்.

மீதி இருப்பது இட்லிக்கு மாவு அரைப்பது, பலகாரத் தட்டை அக்கம்பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது, திரும்பி வருகிற தட்டுகள் யார் வீட்டுடையது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. தட்டுக் கொடுக்கப் பிள்ளைகள் போகட்டும். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போடணும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் கிளம்பிப் போனதும் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா

பி.கு.: அவரை மில்லுக்கு அனுப்பும்போது, அரிசியைக் கொட்டும் முன் 'இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?' என்று கேட்கச் சொல்லுங்கள்.